போலீசுக்கு ஒரு ஹெல்மெட்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இருசக்கர வண்டியைப் பற்றியவை. மிக்ஸியும் மெத்தையும் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், திட்டியிருந்த வரிகளையும் சேர்த்து.

பைபாஸ் ஓரத்தில் 350 ரூபாய்க்கு ஹெல்மெட் வாங்கினேன். ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் இருக்கிறது. கடையில் அதே மாதிரிக்கு 1,100 சொல்கிறார்கள். போலீஸ் நிறுத்தினால் காட்ட இது போதும்தானே? (விழுப்புரம்)

போலீசுக்குப் போதும். நீங்கள் கேட்டதும் அதுதான். தலைக்கு வேண்டுமானால் மேற்கொண்டு படியுங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்ற ஆணை 2021 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அதனால்தான் போலியிலும் ஸ்டிக்கர் தவறாமல் இருக்கிறது. உண்மையான முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்ற தர எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் கம்பெனி பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் வந்துவிடும். கடையிலேயே நின்று பார்க்கலாம், கடைக்காரர் முகம் மாறினால் மாறட்டும்.

அப்புறம் உள்துணியை விலக்கிப் பாருங்கள். வெளி ஓட்டோடு ஒட்டி, தலையைச் சுற்றிலும், விரலால் அழுத்தினால் லேசில் அமுங்காத தடித்த தெர்மோகோல் இருக்க வேண்டும். அடி விழும்போது தான் நசுங்கி, தலைக்குப் போகும் வேகத்தைக் குறைப்பது அதுதான். பிளாட்பார ஹெல்மெட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் பஞ்சும் துணியும்தான். உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

அளவும் முக்கியம். புருவத்துக்குச் சற்று மேலே தையல்காரர் டேப்பைச் சுற்றினால் 56, 58, 60 சென்டிமீட்டர் என்று ஏதாவது வரும். கடையில் 580 என்று எழுதியிருப்பது அந்த 58-ஐத்தான். போட்டுக்கொண்டு தலையை ஆட்டும்போது ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது, கன்னச் சதை சேர்ந்து நகர வேண்டும். இறுக்கமாக இருக்கிறதே என்று ஒரு அளவு பெரிதாக வாங்குபவர்கள் நிறையப் பேர். நான் முதலில் வாங்கியதும் அப்படிப்பட்டதுதான். திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கு முன்னால் ஹெல்மெட்டின் ஓரம் வந்து நிற்கும்.

கழுத்துப் பட்டையைப் போடாமல் ஹெல்மெட்டை மட்டும் மாட்டிக்கொண்டால் போதாதா? வியர்க்கிறது. (வேலூர்)

போதாது. நீங்கள் கீழே விழும் முன்பே அது வேறு பக்கம் உருண்டுவிடும்.

புது ஸ்கூட்டர் எடுக்கப் போனேன். சீட் கவர், மேட், தடுப்புக் கார்டு எல்லாம் சேர்த்து 'ஃபிட்டிங்ஸ்' என்று 6,500 ரூபாய், 'ஹேண்ட்லிங்' என்று 1,500. வேண்டாம் என்றால் டெலிவரி ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். ஹெல்மெட் கேட்டதற்கு அதற்குத் தனிக் காசு என்றார்கள். மறுக்க முடியுமா? (திருப்பூர்)

முடியும். இந்தக் கடிதத்துக்குத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியின் ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ். நீங்கள் கட்டியே தீர வேண்டியவை இவ்வளவுதான். இதிலும் இன்சூரன்ஸை அந்த ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறு கம்பெனியில் எடுத்து பாலிசியைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஹேண்ட்லிங் என்பது கம்பெனியிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து இறக்கித் துடைத்து வைக்கும் செலவாம். அதைச் செய்யத்தானே அவருக்கு டீலர்ஷிப் கொடுத்து கமிஷனும் கொடுக்கிறார்கள்? நம்பர் பிளேட்டுக்குத் தனியாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 2019 ஏப்ரல் முதல் வரும் புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கம்பெனி பொறுப்பு, வண்டி விலையிலேயே அடக்கம்.

என் வயிற்றெரிச்சல் பணத்தோடு நிற்கவில்லை. பெயின்ட் மங்காமல் இருக்க கோட்டிங், சீட் அழுக்காகாமல் இருக்க கவர், கால் வைக்கும் இடத்துக்கு மேட். எல்லாமே வண்டியின் உடம்புக்கு. ஓட்டுகிறவரின் உடம்புக்கு ஒன்றாவது உண்டா என்று பட்டியலைத் தேடிப் பார்த்தால் ஹெல்மெட் ஒன்றுதான் தேறும், அதை மட்டும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 138(4) என்ன சொல்கிறது? இருசக்கர வண்டி விற்கும்போதே, பிஐஎஸ் தரத்தில் ஒரு ஹெல்மெட்டைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்கிறது. 'தனிக் காசு' என்று சொன்னால், அதை அப்படியே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார்கள். கொஞ்ச நேரம் உள்ளே போய்விட்டு, அட்டைப் பெட்டியோடு வருவார்கள்.

எல்லாத் தொகைக்கும் தனித்தனி ரசீது கேளுங்கள். ரசீது தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. அங்கேயே நின்று 1915-க்கு போன் செய்யலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதே கம்பெனியின் வேறு டீலரிடம் போவதும் ஒரு வழி. நல்ல நாள் பார்த்து, குடும்பத்தோடு மாலையும் கையுமாக நிற்கும்போது யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. விலை பேசுவதை நல்ல நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

என் பையன் பைக்கை ஸ்டைலாக மாற்றுகிறேன் என்று பின்சக்கரத்துப் புடவைத் தடுப்புக் கார்டைக் கழற்றிவிட்டான். போன வாரம் என் முந்தானை சக்கரத்தில் சிக்கி விழுந்தேன், முழங்கையில் தையல். புதிதாகப் பொருத்த எவ்வளவு ஆகும்? (மதுரை)

உடம்பு தேவலையா அம்மா? பழையதை அவன் கழற்றி வைத்திருந்தால் மெக்கானிக் கூலி மட்டும்தான், இல்லாவிட்டால் அந்த மாடலுக்கான கார்டைக் கம்பெனி ஸ்பேர் கடையில் வாங்கலாம், அதுவும் பெரிய விலை இல்லை. செலவைப் பையனிடம் வாங்குங்கள். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் ஆகிய மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி பைக்கில் இருந்தே ஆக வேண்டியவை. அவன் கைப்பிடியையும் கழற்றியிருப்பான், பாருங்கள்.

புடவை மட்டுமல்ல, துப்பட்டாவும் நீளமான மழை அங்கியும் இதே ஆபத்துதான். விலை மலிவு என்று நானும் அப்படி ஒரு தொளதொள அங்கி வாங்கினேன். காற்றில் உப்பிக்கொண்டு பின்னால் பறந்தது, நனையாமல் இருந்தது என் சட்டைப் பை மட்டும். மழைக்கு மேல்சட்டை, கால்சட்டை என்று இரண்டாக வருவதை வாங்குங்கள்.

இரண்டு வருடம் முன்பு என் பைக்கைப் புரோக்கரிடம் விற்றேன். ஃபாரங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்தை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இப்போது அந்த வண்டி விபத்து செய்திருக்கிறது. இழப்பீடு கேட்டு எனக்குக் கோர்ட் நோட்டீஸ்! (தஞ்சாவூர்)

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இருந்தாலும் சட்டம் முதலில் பார்ப்பது ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் என்பதைத்தான். பெயர் மாறாதவரை பதிவில் இருப்பவர்தான் உரிமையாளர், பொறுப்பும் அவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

நோட்டீஸைக் கிடப்பில் போடாதீர்கள். ஆஜராகாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். விபத்து வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரை உடனே பாருங்கள். விபத்து நடந்த தேதியில் அந்த வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்ததா என்று அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பாருங்கள். இருந்தால் இழப்பீட்டைக் கொடுக்க வேண்டிய இடம் இன்சூரன்ஸ் கம்பெனி, உங்கள் பாரம் பெருமளவு இறங்கும். டெலிவரி நோட், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், புரோக்கரோடு பேசிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-ம் 30-ம் வெறும் கையெழுத்தோடு கொடுக்கும் தாள்கள் அல்ல. வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகுதான் கையெழுத்து. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் வேலை. உங்கள் பெயர் போய்விட்டதா என்று நீங்களே இணையத்தில் பார்த்த பிறகு புரோக்கருக்கு நன்றி சொல்லலாம்.

பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு 150 சிசி பைக் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். எந்த மாடல் நல்லது? டியூஷனுக்கு மட்டும்தான். (சேலம்)

பஸ் பாஸ்.

கோபப்படாதீர்கள், விவரமும் சொல்கிறேன். பதினெட்டு வயதாகாதவர் ஓட்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ-இன்படி தண்டனை உங்களுக்கு: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

பத்தாவது படிக்கும் மகளுக்கு 'லைசென்ஸ் வேண்டாத' எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன். நன்றாக 45 வரை ஓடுகிறது. சந்தேகம் வந்து கேட்டால் 'ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறோம் சார், இலவசம்' என்கிறார் கடைக்காரர். (கரூர்)

சந்தேகம் வந்தது நல்லது. மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழ். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் லைசென்ஸும் பதிவும் வேண்டாம். 45-இல் ஓடும் வண்டி சட்டப்படி மோட்டார் வாகனம். அதற்குப் பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, உங்கள் மகளுக்கு லைசென்ஸ் எடுக்கும் வயதும் இல்லை. யார் மேலாவது மோதினால் இழப்பீடு முழுவதும் உங்கள் கையிலிருந்து. பிரேக்கும் டயரும் அந்த வேகத்துக்குச் செய்தவை அல்ல என்பது அதைவிடப் பெரிய கவலை.

பழையபடி மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், அல்லது வண்டியை எடுத்துக்கொண்டு பணம் தரச் சொல்லுங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. அதுவரை சாவி உங்களிடம் இருக்கட்டும்.

போன வாரம் மாற்றிய பின் டயர் மழையில் வழுக்குகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருக்கிறார்கள். (நாகர்கோவில்)

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. உங்கள் டயரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, வாங்கும்போது பார்க்கவும் இல்லை என்று தெரிகிறது. நேற்று வந்த டயர் என்றால் கோளாறு வேறு: புது டயரின் மேல் ஒரு வழுவழுப்பு இருக்கும், முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டித் தேய்க்க வேண்டும். பல வருடம் கிடங்கில் கிடந்து ரப்பர் இறுகிய டயரைப் புதியது என்று தலையில் கட்டியிருந்தால், அந்த அச்சு வாசகம் செல்லாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்று சட்டமே சொல்கிறது, பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கடைக்குப் போங்கள்.

எதிர் வண்டி வெளிச்சத்தில் கண் கூசுகிறது. நானும் கூடுதல் எல்இடி விளக்கு போட்டுக்கொள்ளலாமா? (பெரம்பலூர்)

நான் போட்டேன். ஒயர் உருகியது, ஹார்னும் சேர்ந்து போனது. வேண்டாம்.

அப்பா இரவில் மணலில் சறுக்கி விழுந்து இறந்துவிட்டார். வேறு வண்டி மோதவில்லை. ஐந்து வருட இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆனால் அது இதற்குத் தராது என்று ஏஜென்ட் சொல்கிறார். உண்மையா? (புதுக்கோட்டை)

வருந்துகிறேன் தம்பி. ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. 2018 செப்டம்பர் முதல் வாங்கிய புது வண்டிகளுக்குக் கட்டாயமான அந்த ஐந்து வருடம், மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. ஆனால் உரிமையாளரே ஓட்டும்போது நேரும் விபத்துக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒன்று உண்டு. பாலிசித் தாளில் பிரீமியத்தைப் பிரித்துப் போட்டிருக்கும் கட்டத்தில் 'பிஏ ஓனர் டிரைவர்' என்ற வரியைத் தேடுங்கள். அதற்கு நேரே தொகையும், காப்பு எந்தத் தேதி வரை என்பதும் இருக்கும். பல ஷோரூம்களில் அதை ஒரு வருடத்துக்கு மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அதனால் தேதியைக் கவனமாகப் பாருங்கள். நடப்பில் இருந்து, வண்டி அப்பா பெயரில் இருந்து, லைசென்ஸும் இருந்தால் ஏஜென்டை விட்டுவிட்டு நேராகக் கம்பெனிக்கு எழுதுங்கள். எஃப்ஐஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் தேவைப்படும்.

அப்பாவின் வங்கிப் பாஸ்புக்கையும் எடுங்கள். மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடு, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். வருடாவருடம் பிடித்தும், கேட்காமல் விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. வங்கிக் கிளையில் கோரிக்கைப் படிவம் வாங்கி உடனே கொடுங்கள். ஏடிஎம் கார்டோடு சேர்ந்த விபத்துக் காப்பு இருக்கிறதா என்பதையும் அதே மேஜையில் கேளுங்கள்.

பைக்கோடு நானும் ஒருமுறை விழுந்தேன். ஹெல்மெட்டில் கீறல் மட்டும்தான். இன்னும் எத்தனை நாள் போடலாம்? (ஈரோடு)

தலை தரையில் பட்டதா? பட்டது என்றால் உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது. அது தன் வேலையை முடித்துவிட்டது. பட்டையை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்துத் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, விழுப்புரம் வாசகருக்கு 350 ரூபாய்க்கு விற்றுவிடுவார்கள்.