செவுளைப் பார்க்காமல் வாங்கிய லேப்டாப்

கல்லூரி சேர்க்கைக் காலம் வந்துவிட்டது. இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர்தான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மகள் பி.காம். சேருகிறாள். 4 ஜிபி ராம் உள்ள புது லேப்டாப் 24,000 ரூபாய், 8 ஜிபி என்றால் 31,000 என்கிறார் கடைக்காரர். ஏழாயிரத்தை மிச்சம் பிடிக்கலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: வேண்டாம் அம்மா. ராம் என்பது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது வாஸ்தவம்தான். ஆனால் அது குறைந்தபட்ச அளவு. விண்டோஸ் எழுந்து உட்காரும், அவ்வளவுதான். அதன்மேல் ஒரு எக்செல், நாலைந்து இணையப் பக்கம், ஆன்லைன் வகுப்பு என்று ஏற்றினால் மூச்சு வாங்கும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாலும் முடியாது. சேமிப்பிடம் என்ன என்பதையும் கேளுங்கள். 64 ஜிபி இஎம்எம்சி (மெதுவான, மலிவான சேமிப்புச் சிப்) என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 256 ஜிபி எஸ்எஸ்டியாவது (சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பிடம்) இருக்க வேண்டும்.

ஏழாயிரத்தை மூன்று வருடப் படிப்புக்குப் பிரித்தால் மாதம் 200 ரூபாய்கூட ஆகவில்லை. நான் இந்தக் கணக்கைப் போடாமல் 2012 வாக்கில் பத்து அங்குல நெட்புக் ஒன்றை மலிவு என்று தூக்கி வந்தேன். சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இப்போது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கேள்வி: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2019-இல் வாங்கிய கம்ப்யூட்டர், ஐ5 ஒன்பதாம் தலைமுறை. திறக்கவே மூன்று நிமிடம் ஆகிறது. புதுசு 45,000 ஆகுமாம். வாங்கட்டுமா?
– மண்டபம்

பதில்: வாங்காதீர்கள். உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் முள் நகர்ந்து போய்த் தேட வேண்டும், தாமதம் அங்கேதான். எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். புதுசு வாங்கும் செலவில் சிறு பங்குதான் ஆகும். கம்ப்யூட்டரின் மூளையான அந்த ஐ5 பிராசசர் விண்டோஸ் 11-ஐத் தாங்கும், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) அணைந்திருந்தால் மட்டும் போட்டுவிடச் சொல்லுங்கள். கேபினெட்டைத் திறக்கும்போதே உப்புக் காற்றில் ராமின் கால்கள் கறுத்திருக்கின்றனவா என்று பார்த்து ரப்பரால் துடைத்துவிடட்டும். பெட்டியைக் கடல் பக்க ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். கழற்றிய டிஸ்கைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். ஊர்க்காரர்களின் ஆதார் நகலெல்லாம் அதில்தான் இருக்கும்.

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் பையன் 90,000 ரூபாய்க்கு கேமிங் லேப்டாப் கேட்கிறான். படிப்புக்குத்தான் என்கிறான்.
– ஏர்வாடி

பதில்: படிப்புக்கு இல்லை.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் ஐ7 லேப்டாப்பை 17,000-க்குத் தருகிறார். பழையதுதான். அண்ணன் 38,000 கொடுத்துப் புதுசாக வாங்கியதே வெறும் ஐ3. ஐ7 தானே பெரியது?
– உச்சிப்புளி

பதில்: தம்பி, இந்த ஸ்டிக்கரால் ஏமாந்தவர்களின் கடிதங்களே என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. ஐ3, ஐ5, ஐ7 என்பவை அந்தந்த வருடத்து வகுப்புகள், அவ்வளவுதான். எந்த வருடம் என்பது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ7-4600யு என்றால் நான்காம் தலைமுறை, 2013-இல் வந்தது, உள்ளே இரண்டே கோர், அதாவது வேலை பார்க்கும் கைகள் இரண்டுதான். ஐ3-1215யு என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது, ஆறு கோர். அண்ணனிடம் இருப்பது இதுபோல் ஒன்றாகத்தான் இருக்கும். அவர் ஏமாறவில்லை. உங்கள் ஐ7 எந்தத் தலைமுறை என்று கேட்டீர்களா? எட்டுக்குக் கீழே என்றால், ஓரிரண்டு விதிவிலக்கு போக, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பாட்டரியும் பாதி உயிரில் இருக்கும். புதுசு போட்டால் 17,000 எங்கே நிற்கும்?

எனக்குப் புரியாதது இதுதான். பாம்பனில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், அழுத்திப் பார்க்கிறோம், கண் குழிந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். 200 ரூபாய் மீனுக்கு இத்தனை சோதனை. முப்பதாயிரம் ரூபாய்ப் பொருளை மூடியைக்கூடத் திறக்காமல் வாங்கி வருகிறோம். கடைக்காரர் ராமையும் பிராசசரையும் மந்திரம் மாதிரி ஒப்பிப்பார். திரையைப் பற்றிப் பேச மாட்டார். 1366-க்கு 768 புள்ளித் திரையை இன்னும் சிலர் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். 1920-க்கு 1080 கேளுங்கள். மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். நிறம் வெளுத்து, முகம் நெகட்டிவ் மாதிரி தெரிந்தால் அது மட்டமான திரை. வெளிச்சம் 250 நிட்ஸ்தான் என்றால் நம்மூர் வெயிலுக்குத் திண்ணையில் உட்கார்ந்து எதையும் படிக்க முடியாது.

அப்புறம் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து ஒரு பக்கம் தட்டச்சு செய்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நான் அப்படி உட்காராததால் வலது ஷிஃப்ட் விசை கடலைமிட்டாய்த் துண்டு அளவே இருந்த லேப்டாப் ஒன்றோடு நாலு வருடம் மல்லுக்கட்டினேன். ஷிஃப்டைத் தொடப்போனால் பக்கத்திலிருந்த அம்புக்குறியில் விரல் பட்டு மேல் வரிக்கு ஓடிவிடும். இந்தப் பத்தியின் பழைய பிழைகளில் பாதி அதன் உபயம். விலையில் 3,000 ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு.

கேள்வி: துபாயில் இருக்கும் காக்கா (அண்ணன்) ஊருக்கு வரும்போது லேப்டாப் வாங்கி வருகிறேன் என்கிறார். அங்கே மலிவாம். சொல்லலாமா?
– கீழக்கரை

பதில்: சொல்லலாம். 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். மின்சாரமும் ஒத்துப்போகும். பிளக் மட்டும் தடித்த சதுரக் கால் உள்ளது, வயரை மாற்ற வேண்டும். விசைகளில் அரபி எழுத்தும் சேர்ந்திருக்கும், வேண்டாமென்றால் காக்காவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று கடையில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். செல்லாது என்றால் அந்த மலிவு மலிவே இல்லை.

கேள்வி: ஆன்லைன் தள்ளுபடியில் வாங்கினேன். நல்ல நாள் பார்த்து மூன்று மாதம் கழித்துப் பெட்டியைப் பிரித்தேன். திரையில் கோடு. திருப்பி அனுப்ப முடியாது என்கிறார்கள்.
– தொண்டி

பதில்: முடியாதுதான். திருப்பி அனுப்பக் கொடுத்த நாட்களை நீங்கள் பஞ்சாங்கத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள். பில்லை எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், வாரண்டி இன்னும் இருக்கும். அடுத்த முறை பெட்டி வந்த அன்றே பிரியுங்கள், பிரிப்பதை வீடியோ எடுங்கள். பூஜை அப்புறம்.

கேள்வி: கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். சீட்டுப் பணத்தில் மகனுக்குப் புது லேப்டாப் என்று 36,000 கொடுத்து வாங்கினேன். பில் கேட்டேன். ஜிஎஸ்டி சேர்த்தால் இன்னும் ஆகும் என்று துண்டுச்சீட்டுதான் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் நின்றுவிட்டது. இது நாலு வருடத்துக்கு முன்பே விற்ற மெஷின் என்கிறது சர்வீஸ் சென்டர். கடையில் என் மேல்தான் தப்பு என்கிறார்கள்.
– தேவிபட்டினம்

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அக்கா. பழையதைப் புதுசு என்று விற்றது அவர்கள் தப்பு. பில் கொடுக்காததே 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அந்தத் துண்டுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பணம் ஃபோன் வழியாகப் போயிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள். லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுங்கள். அந்த எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் வாரண்டி எப்போது முடிந்தது என்று பெரும்பாலும் காட்டும், அதையும் அச்செடுங்கள். சர்வீஸ் சென்டரில் வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மெஷினை அந்தக் கடையில் மட்டும் விட்டுவிடாதீர்கள், ரிப்பேர் செய்து தருகிறோம் என்று இப்போது கூப்பிடுவார்கள்.

துண்டுச்சீட்டின் நகலை எனக்கு அனுப்புங்கள். மனுவை நானே எழுதித் தருகிறேன்.