“சொன்னால் செய்வேன்தானே” என்கிறார்

கேள்வி: எனக்கும் கணவருக்கும் கொழும்புக் கோட்டையில் வெவ்வேறு கந்தோர்களில் வேலை. பிள்ளைகள் இருவர். காலை நாலரைக்கு எழும்பி, இடியப்பமும் சொதியும் வைத்து, நாலு பேருக்கும் மதியச் சாப்பாடு கட்டி, ஆறேகாலுக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வானில் ஏற்றுவது நான்தான். கேட்டால், “சொன்னால் செய்வேன்தானே” என்கிறார். சந்தைக்கு அனுப்பினால் மூன்று தரம் போன் எடுத்து, என்ன மீன், எவ்வளவு, வெட்டுவிப்பதா என்கிறார். சொல்லிச் சொல்லியே களைத்துவிட்டேன் அக்கா. நானே செய்துவிடலாம் போலிருக்கிறது.
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்களே செய்துவிடாதீர்கள் தங்கச்சி. அந்த முடிவை நானும் எடுத்தேன். 18 வருடம் அதிலேயே போனது.

உங்களைக் களைக்க வைப்பது இடியப்ப உரல் மட்டுமில்லை. பால்மா முடியப் போகிறது, சின்னவனின் வெள்ளைச் சப்பாத்து காயவில்லை, கரண்ட் பில் கட்டவில்லை என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதுவும்தான். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டைக் கணக்கெடுத்தபோது, சம்பளமில்லாத வீட்டுவேலை பெண்கள் பக்கமே கூடுதலாக நின்றது. படுக்கையில் கிடந்து யோசிப்பதை எந்த மணிக்கூட்டில் அளப்பது?

ஆண்களுக்கு இது வராது என்று மட்டும் நினைக்காதீர்கள். 2022இல் காஸ் தட்டுப்பாடும் கரண்ட் வெட்டும் வந்தபோது, சிலிண்டரோடு விடியப்புறம் வரிசைக்குப் போனவர் என் கணவர். எந்தக் கடைக்கு லொறி வரும், எங்கள் பகுதிக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார்.

அதைப் பார்த்த பிறகுதான் இரவுக் குசினியை அவரிடம் முழுதாகக் கொடுத்தேன். கோப்பை கழுவுவதோடு நிற்காமல் அடுப்புத் துடைப்பது, குப்பை கட்டுவது, சவர்க்காரம் முடியுமுன் வாங்கி வைப்பது வரை. முதல் கிழமை சிங்குக்குள் சோற்றுப் பருக்கை ஊறிக் கிடந்தது. துடைக்கிற சீலை புளித்து மணத்தது. வாயை மூடிக்கொண்டிருக்க நான் பட்ட பாடு! மூன்றாம் கிழமை அவரே அந்தச் சீலையைச் சுடுதண்ணியில் அவித்துக் காயப்போட்டார்.

நீங்கள் சந்தையில் தொடங்குங்கள். சண்டை இல்லாத ஒரு இரவு பார்த்து, “இனி மீனும் மரக்கறியும் உங்கட பொறுப்பு” என்று சொல்லிவிடுங்கள். போன் வந்தால், “நீங்களே பார்த்து வாங்குங்கோ” என்பதோடு வைத்துவிடுங்கள். பாரை வரவேண்டிய இடத்தில் சூடை வந்தாலும் முகம் சுளிக்காமல் சமையுங்கள். ஒவ்வொரு சூடையாகத் தலை கிள்ளிக் கழுவி எடுக்க நேரம் போகும். அதை அவரே செய்து தரட்டும்.