ஜெபித்தும் மனம் அடங்கவில்லை என்றால்: கேள்வி பதில்

மனப்பதற்றம், மனச்சோர்வு, விசுவாசம் பற்றி நம் சபை மக்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். வாரநாட்களில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இரண்டு இடத்திலும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

பாளையங்கோட்டை, வங்கி ஊழியர்: அக்கா, ஆறு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கமே இல்லை, நெஞ்சு படபடக்கிறது. "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்ற பிலிப்பியர் வசனத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லச் சொல்ல, கட்டளைக்குக் கீழ்ப்படியாதவள் என்ற பயம்தான் கூடுகிறது.

தங்கச்சி, அந்த வசனத்தை எழுதியவரை முதலில் பார்ப்போம். பவுல் அதை எழுதும்போது காவலில் இருக்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அவரே, "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" என்கிறார். நாள்தோறும்! அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் பட்ட உபத்திரவத்தில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாகவும் சொல்கிறார். கவலை என்றால் என்னவென்று தெரியாத ஒருவர் உங்களுக்கு அந்த வசனத்தை எழுதவில்லை.

இருட்டில் அலறி எழும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு "பயப்படாதே" என்று தாய் சொன்னால் அது அதட்டலா? அந்தக் குரலில் பிலிப்பியர் நான்கை வாசித்துப் பாருங்கள். மனதில் உள்ளதைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்பதுதான் அங்கே நம்மிடம் கேட்கப்படுவது. சமாதானத்தை உண்டாக்குவது நம் பொறுப்பு என்று பவுல் எழுதவில்லை, அதைக் கொடுக்கிறவர் தேவன்.

இன்னொன்று. விடியற்காலையில் விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமல் போவது மனச்சோர்வின் மிகப் பழகிய அடையாளங்களில் ஒன்று. எதிலும் பிடிப்பில்லாத நிலையோ மனப்பாரமோ இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய நாள் முழுக்க நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. நீங்கள் ஆறு மாதம் பொறுத்துவிட்டீர்கள். தைராய்டு, இரத்தசோகை, பி12 குறைபாடு இவையும் மனதைக் கீழே இழுக்கும், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இந்த வாரமே போங்கள். மூன்று மணிக்கு விழித்தால் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசியுங்கள். தூக்கம் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் அது விசுவாசத் தோல்வி கிடையாது.

கோயம்புத்தூர், கல்லூரி மாணவர்: மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்து பத்து நாள் ஆகிறது. ஒரு முன்னேற்றமும் இல்லை, வயிறு குமட்டுகிறது. எங்கள் பாஸ்டர், "மாத்திரை போட்டால் கர்த்தரை நம்பவில்லை என்று அர்த்தம். நிறுத்திவிட்டு உபவாசம் இரு" என்கிறார்.

தம்பி, நிறுத்தாதே. இதை எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

இந்த வகை மாத்திரைகள் வேலையைக் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். குமட்டல், தலைவலி எல்லாம் முதலில் வரும், பலன் பின்னால் வரும். பலர் பத்தாம் நாளில் விட்டுவிடுவது இதனால்தான். ஒன்றை மட்டும் கவனி: ஆரம்ப வாரங்களில், அதுவும் உன் வயதில், படபடப்போ சாவு எண்ணமோ கூடினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் உடனே சொல். குணமானதும் திடீரென்று விட்டுவிடக் கூடாது. முதல் முறை வந்தவர்களை, நன்றாக ஆன பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்லி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். வெறும் வயிற்றில் உபவாசத்தோடு இதையெல்லாம் செய்ய வேண்டாம்.

உன் பாஸ்டரிடம் ஏசாயா 38-ஐ எடுத்துக் காட்டு. நோயில் சாகக் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபிக்கிறான். கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டித் தருகிறேன் என்கிறார். வாக்குத்தத்தம் கிடைத்தாயிற்று. அதன் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். தீர்க்கதரிசிக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை. பவுல் தன்னோடு வைத்திருந்த லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்றே அழைக்கிறார். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை போடுகிற ஊழியர்கள் மூளைக்குப் போடும் மாத்திரையை மட்டும் அவிசுவாசம் என்பது நியாயமில்லை. கோபப்படாமல், ஆனால் தெளிவாகச் சொல்லிவிடு: "ஐயா, நீங்கள் ஜெபியுங்கள். மாத்திரையைப் பற்றி மருத்துவர் சொல்லட்டும்."

நாகர்கோவில், ஒரு தாயார்: மகளுக்குப் பிரசவமாகி ஐந்து வாரம். ஓயாமல் அழுகிறாள், பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்கிறாள். சம்பந்தி வீட்டில் அசுத்த ஆவி என்று விடுதலைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

அம்மா, பிரசவத்துக்குப் பிறகு வரும் சாதாரண அழுகை இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். ஐந்து வாரம் என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், நன்றாகக் குணமாகக் கூடியது. பிரசவம் பார்த்த மருத்துவரிடமே முதலில் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது போடக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்றாலோ, தனக்கோ பிள்ளைக்கோ கேடு வரும்படி பேசினாலோ, நாளை என்று வைக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதுவரை அவளைப் பிள்ளையோடு தனியாக விடாதீர்கள். கூட்டம், கூச்சல், தலையைப் பிடித்து உலுக்குவது எதுவும் அவளுக்கு வேண்டாம்.

சென்னை, ஐ.டி. ஊழியர்: ஜெபிக்கும்போது ஆண்டவரைத் தூஷிக்கும் வார்த்தைகள் தானாக மனதில் வருகின்றன. பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று நடுங்குகிறேன். வாரத்தில் இரண்டு மூன்று முறை பாஸ்டரிடம் கேட்கிறேன். அவர் இல்லை என்றதும் ஒரு மணி நேரம் நிம்மதி, பிறகு மறுபடி அதே பயம்.

இந்தக் கேள்வியை வெளியில் சொல்ல முடியாமல் எத்தனையோ விசுவாசிகள் வருடக்கணக்காகத் தனியாகச் சுமக்கிறார்கள். எழுதியதற்கு நன்றி, தம்பி.

'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பனியனுக்கு இதே வாதை இருந்தது. 1666-இல் வெளியான தன் சரிதையில் அவரே அதை எழுதியிருக்கிறார். "கிறிஸ்துவை விற்றுவிடு" என்ற எண்ணம் சாப்பிடும்போதும் வேலை செய்யும்போதும் வந்துகொண்டே இருந்ததாம், இல்லை இல்லை என்று மனதுக்குள் பதில் சொல்லியே களைத்துப்போனாராம். மன்னிப்பே கிடையாத பாவத்தைச் செய்துவிட்டோம் என்று நெடுங்காலம் நம்பினார்.

பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்ற எச்சரிக்கையை மத்தேயு 12-இல் இயேசு யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். கண்ணெதிரே குருடும் ஊமையுமான ஒருவன் குணமானதைப் பார்த்துவிட்டு, இது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று துணிந்து சொன்னவர்களிடம். அவர்கள் நடுங்கவில்லை, வருந்தவில்லை, யாரிடமும் போய்க் கேட்கவில்லை. வேண்டாத எண்ணம் வந்ததற்காக அழுகிறவரின் நிலை அதற்கு நேர் எதிரானது.

இந்த விளக்கத்தை ஒரு முறைதான் தருவேன். அதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணம், பயம், உறுதிமொழி, ஒரு மணி நேர நிம்மதி, மறுபடி எண்ணம் என்று நீங்கள் சொல்லும் இந்தச் சுற்று ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் போக்கு. ஒவ்வொரு முறை உறுதிமொழி கேட்கும்போதும் அந்தச் சுற்று இன்னும் இறுகும். எண்ணம் வந்தால் அதோடு வாதாடாமல், பரிகார ஜெபம் சொல்லாமல், பாஸ்டருக்குப் போன் போடாமல், செய்துகொண்டிருந்த வேலையைத் தொடரப் பழக்குவதே இதற்கான சிகிச்சை. முதலில் பயம் ஏறும், அப்புறம் தானாகவே இறங்கும். பயிற்சி பெற்ற உளவியலாளரின் துணையோடு செய்யுங்கள், தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. பாஸ்டரிடமும் சொல்லி வையுங்கள்: அடுத்த முறை கேட்டால் பதில் சொல்லாமல், "வாங்க, டீ சாப்பிடலாம்" என்று கூட்டிப்போகட்டும்.

திருச்சி, பெயர் வேண்டாம் என்றவர்: செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது. ஜெபக் குறிப்பில் எழுதக்கூட வெட்கம்.

இந்த எண்ணத்தைச் சொன்ன முதல் விசுவாசி நீங்கள் இல்லை. எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். கர்மேல் மலையில் அக்கினி இறங்கிய பெரிய வெற்றிக்கு அடுத்த அதிகாரத்திலேயே இது வருகிறது. அதற்குத் தேவன் கொடுத்த பதிலைக் கவனியுங்கள். கண்டிக்கவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. தூதன் தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டார், மறுபடி படுத்தார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்து, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். யாரும் இல்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். வீட்டில் பூச்சிமருந்தோ சேர்த்து வைத்த மாத்திரையோ இருந்தால் இன்றே வேறொருவரிடம் ஒப்படையுங்கள். இப்போதே ஏதாவது செய்துகொள்வோமோ என்று பயமாக இருந்தால் தனியாக இருக்க வேண்டாம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அவர்களோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போலீஸ் வழக்கு வரும் என்று தயங்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

தரங்கம்பாடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் தெரிகிறது. ஜெபிக்க வாய் வரவில்லை.

ஐயா, 88-ஆம் சங்கீதத்தை ஒரு தடவை பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் துதியாகத் திரும்பும், இது திரும்புவதே இல்லை. ஆரம்பம் முதல் முடிவு வரை இருட்டுதான். அதையும் தேவன் தம் புத்தகத்தில் வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

வாய் வராத காலத்தில் ஒரே ஒரு வரி போதும், "கர்த்தாவே, இரங்கும்." அதுவும் வராவிட்டால் மற்றவர்கள் உங்களுக்காகச் சொல்லட்டும். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனைப் பற்றி மாற்கு எழுதும்போது, "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்கிறார். நாலு பேர் சுமந்துகொண்டு வந்தார்கள், அவன் வாய் திறந்து கேட்டதாக ஒரு வார்த்தைகூட இல்லை. உங்கள் சபை லுத்தரன் சபைதானே? மார்ட்டின் லூத்தரும் கடும் மனச்சோர்வை அனுபவித்தவர். 1530-இல் ஜெரோம் வெல்லர் என்ற வாலிபர் இதே வாதையில் இருந்தபோது, தனிமையை விட்டு ஓடு, ஆட்களோடு இரு, சிரித்துப் பேசு என்றுதான் கடிதம் எழுதினார். சாயங்காலம் யாராவது ஒருவரோடு கடற்கரை வரை நடந்துவிட்டு வாருங்கள். பேச வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

சேலம், ஆராதனையில் பதற்றம் வருகிறவர்: பாட்டு நடக்கும்போது மூச்சு முட்டி, செத்துவிடுவேன் என்று வெளியே ஓடிவிடுகிறேன்.

முதலில் ஒரு முறை இருதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள். அது சரி என்றால், இது பதற்றத் தாக்குதல். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். ஓரத்து இருக்கையில் உட்காருங்கள், ஆனால் முடிந்தவரை ஓடாமல் உட்கார்ந்தே இருங்கள். ஓட ஓட பயம் வளரும்.

தூத்துக்குடி, அண்ணனை இழந்த சகோதரி: என் அண்ணன் போன வருடம் தானே உயிரை மாய்த்துக்கொண்டான். நாங்கள் கத்தோலிக்கர். அவன் நரகத்தில்தான் இருப்பான் என்று ஒரு உறவினர் அடக்க வீட்டிலேயே சொன்னார்.

அம்மா, அந்த வார்த்தை உங்கள் திருச்சபையின் போதனை அல்ல. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடுமையான மனநோயும் வேதனையும் அப்படிப்பட்டவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அவர்களுடைய நித்திய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது, தேவனுக்கு மட்டுமே தெரிந்த வழிகள் உண்டு, திருச்சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது என்றும் சொல்கிறது. ஒரு காலத்தில் இப்படி இறந்தவர்களுக்கு அடக்கத் திருப்பலி மறுக்கப்பட்டது உண்மைதான். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை.

என் விசுவாசத்தையும் சொல்கிறேன். மரணமும் ஜீவனும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்று ரோமர் எட்டில் பவுல் எழுதும்போது, எப்படிப்பட்ட மரணம் என்று விதிவிலக்கு எதையும் போடவில்லை. உங்கள் அண்ணன் நோயோடு போராடிப் போனவன். அவன் பெயரைச் சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுங்கள், அவன் போட்டோவை மறைத்து வைக்காதீர்கள். உங்களுக்கும் தூக்கமும் சாப்பாடும் குலைந்திருந்தால் நீங்களும் ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

மதுரை, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி: எங்கள் சபையில் இப்படி நாலைந்து பேர் இருக்கிறார்கள். சங்கமாக என்ன செய்யலாம்?

முதலில், "மாத்திரையைத் தூக்கி எறிந்தேன், சுகமானேன்" என்ற சாட்சியை மேடையில் சொல்ல விடாதீர்கள். அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துகிறவர் மேடைக்கு வந்து சொல்வதில்லை. பெயரைச் சொல்லிப் பொது ஜெபத்தில் வாசிப்பதும் வேண்டாம், கேட்டு அனுமதி வாங்குங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோகிறோம் அல்லவா, இவர்கள் வீட்டுக்கும் சாப்பாடு கொண்டுபோங்கள். போனால் அறிவுரை சொல்லாமல் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வரலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். ஆனால் மனச்சோர்வில் இருப்பவருக்குக் குளித்துக் கிளம்பிப் பஸ் ஏறுவதே மலையாகத் தெரியும். ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிற்க ஒருவர், உள்ளே கூடப்போக ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் மாத்திரை தீரும் தேதியை அவர்களுக்குப் பதிலாக நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.