மூங்கில் நடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று ஏக்கர் நிலம் சும்மா கிடக்கிறது. வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. மூங்கிலை நட்டுவிட்டு மறந்துவிடலாம், ஐந்தாம் வருடத்திலிருந்து நாற்பது வருடத்துக்கு வருமானம் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். 'பச்சைத் தங்கம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். உண்மையிலேயே இதில் பணம் இருக்கிறதா? இருந்தால் ஏன் எல்லோரும் நடவில்லை? வேலியோரமாக மட்டும் நட்டுப் பார்க்கலாமா என்றும் ஒரு யோசனை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பணம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு கழியை வெட்டிய பிறகு நடக்கும் வேலைகளுக்குப் போகிறது. காணொளிக்காரர்கள் பேசுவதெல்லாம் வெட்டும் வரைதான்.

என் வீட்டில் ஒரு மூங்கில் புத்தக அலமாரி இருந்தது. ஆசைப்பட்டுச் செய்து வாங்கியது. ஆறாவது மாதம் ராத்திரியில் கிறுகிறுவென்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் தரையில் சலித்த மாவு மாதிரி வெளிர் மஞ்சள் பொடி, கழியில் குண்டூசி முனை அளவுக்குத் துளைகள். உளு விழுந்துவிட்டது. மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்துதான் அந்த வண்டுக்குச் சாப்பாடு. இளம் கழியை, அதுவும் மாவுச்சத்து ஏறியிருக்கும் பருவத்தில் வெட்டி, பதப்படுத்தாமல் விற்றால் இப்படித்தான் ஆகும். கணுக்களின் உட்தடுப்பைத் துளைத்துவிட்டு, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, நிழலில் உலர்த்தியிருந்தால் அலமாரி இன்றைக்கும் நின்றிருக்கும். (அந்த உப்பு மழையில் கரைந்துவிடும், ஆகவே கூரைக்குக் கீழே வைக்கும் பொருளுக்குத்தான் இது.) பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், ஒரு தொட்டி போதும். அந்தத் தொட்டி தோட்டக்காரரிடம் இருந்தால் அவர் விற்பது சாமான் செய்யும் கழி, இல்லையென்றால் பந்தலுக்கும் முட்டுக்கும் போகும் கழி.

அடுத்தது 'மறந்துவிடலாம்' என்பது. மூங்கில் புல் இனம். குருத்து மண்ணைக் கிழித்து வரும்போது என்ன பருமனோ அதுதான் கடைசிவரை, மரம் மாதிரி வருடாவருடம் பெருக்காது. சில மாதங்களில் முழு உயரத்தையும் தொட்டுவிடும், ஆனால் முற்றி வலுவாக மூன்று, நான்கு வருடம் வேண்டும். உயரத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாததால், நன்றாகத் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வருடத்துக் கழிக்கும் ஒரு நிறத்தில் பெயின்ட் கோடு போட்டு வைப்பார்கள். கொத்தாக வளரும் வகைகளில் புதுக் குருத்து வெளிவட்டத்தில் வரும், முற்றிய கழி நடுவில் மாட்டிக்கொள்ளும். வருடாவருடம் உள்ளே புகுந்து கழிக்காவிட்டால் தூர் நெருக்கிக்கொண்டு, விலைபோகும் கழியை உருவி எடுக்கவே முடியாமல் போகும். அந்த முள்ளிலும் சுணையிலும் வேலை செய்ய ஆள் வேண்டும். உங்களுக்கு ஆள்தான் கிடைப்பதில்லை என்கிறீர்கள்.

அப்புறம் வண்டி வாடகை. 8 செ.மீ. விட்டம், 1 செ.மீ. சுவர் உள்ள ஒரு கழியை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்குவெட்டைக் கணக்குப் போட்டால் பாதிக்கு மேல் பொந்து. கழிகளுக்கு இடையில் விடும் இடைவெளி வேறு. அதாவது காற்றை ஏற்றிக்கொண்டு போக வாடகை கொடுக்கிறீர்கள். பிளாச்சாகப் பிளந்துவிட்டால் அதே வண்டியில் இன்னும் எவ்வளவோ ஏற்றலாம். பிளக்கும் இடம் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பிளப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. உருண்டையாக, நுனியில் சிறுத்துக்கொண்டே போகும் குழாயிலிருந்து தட்டையான பட்டை சீவி, ஒட்டிப் பலகையாக்கினால் பாதிக்கு மேல் கழிவு. சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் உள்ள ஆன்ஜி என்ற பகுதியை எல்லோரும் உதாரணம் காட்டுவது அந்தக் கழிவுக்காகத்தான். தரைப்பலகை, திரைச்சீலை, பாய் என்று முதல் தரச் சரக்கு ஒரு பக்கம் போக, மீந்த தூளும் துண்டும் கரியாகின்றன, குருத்து உணவாகிறது. ஒரு ஆலையின் குப்பை பக்கத்து ஆலைக்குச் சரக்கு. மாட்ரிட் விமான நிலையத்தின் நான்காம் முனையத்தில், 2006இல் திறந்தது, அலையலையாக ஓடும் கூரையின் அடிப்பக்கம் முழுக்க மூங்கில் பட்டைதான். அப்படிச் சீவி முடித்த பட்டையின் விலைக்கும் தோட்டத்தில் கழிக்குக் கிடைக்கும் விலைக்கும் நடுவில் பத்து கைகள் இருக்கின்றன.

ஏன் எல்லோரும் நடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மேலே சொன்னது பாதி. மீதி சில இடங்களில் சட்டம். இந்தியாவின் 1927 வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று வைத்திருந்தது. புல்லை மரமாக்கி, சொந்த நிலத்தில் வளர்த்ததை வெட்டி ஏற்றிச் செல்லவும் பல இடங்களில் அனுமதிக்கு அலையவிட்டார்கள். காட்டுக்கு வெளியே வளர்வதற்கு 2017 திருத்தத்தில்தான் விலக்கு கிடைத்தது.

நாற்று வாங்கும்போது ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும்: தாய்த் தூருக்கு என்ன வயது? பல வகைகள் ஆயுளில் ஒரே முறை, பல பத்தாண்டுகள் கழித்துப் பூக்கும், பூத்ததும் காய்ந்துவிடும். மிசோரமில் காடு காடாகப் பரவியிருக்கும் மௌதாக் வகைக்குச் சுமார் 48 வருடக் கணக்கு. அந்த விதையைத் தின்று பெருத்த எலிகள் பயிரையும் அழித்ததால் 1959இல் அங்கே பஞ்சமே வந்தது. பழைய தூரிலிருந்து எடுத்த பதியன் தாயின் வயதையும் சேர்த்துக்கொண்டு வரும். தாய்க்குப் பூக்க ஐந்து வருடம்தான் மிச்சம் என்றால், நாற்பது வருட வருமானம் என்பது முதல் வெட்டோடு முடிந்துபோகலாம்.

சரி, உங்கள் மூன்று ஏக்கருக்கு வருகிறேன். முதலில் சுற்றுவட்டாரத்தில் மூங்கிலைப் பிளக்கிறவர், ஊதுவத்திக் குச்சி சீவுகிறவர், கரி சுடுகிறவர் யாராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். அவருக்கு என்ன பருமன், எவ்வளவு சுவர் கனம் வேண்டும் என்று கேட்டுவிட்டு வகையை முடிவு செய்யுங்கள். ஒருவருமே இல்லையென்றால் மூன்று ஏக்கரிலும் நட நான் சொல்லமாட்டேன்.

வேலியோரம் நடலாம், நல்ல யோசனை. கொத்தாக வளரும் வகையா, மண்ணுக்கடியில் கிழங்கு ஓடும் வகையா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஓடும் வகையாக இருந்தால் உங்கள் மூங்கிலைப் பக்கத்து நிலத்துக்காரர் அறுவடை செய்வார், இல்லையென்றால் சண்டைக்கு வருவார்.