டெஸ்ட் கிட்டில் பூஜ்யம், பாறையெல்லாம் பாசி

கேள்வி: வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து ஏழு மாதம் ஆகிறது. இரண்டு க்ளௌன் மீன், ஒரு கிளீனர் இறால். பாறை முழுக்கப் பச்சை முடி போலப் பாசி. ஆனால் பாசிக்கு உரமாகும் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம்தான். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறேன். கடைக்காரர் பாசிக்கொல்லி விடச் சொல்கிறார். விடலாமா?
– ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: வேண்டாம். பல பாசிக்கொல்லிகளில் தாமிரம் இருக்கும். மீன் தாங்கினாலும் இறால் தாங்காது. தாமிரம் இல்லாத மருந்தே என்றாலும், அத்தனை பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் ஆக்ஸிஜன் இறங்கி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். பாசி உறிஞ்சி வைத்திருந்த சத்தெல்லாம் திரும்பத் தண்ணீரில் கலந்து, அடுத்த பாசிக்கு உரமாகும்.

கிட்டில் கோளாறு இருக்க வேண்டியதில்லை. உள்ளே வருகிற சத்தைப் பாசி உடனே உறிஞ்சிவிடுகிறது; தண்ணீரில் மிச்சம் இருப்பதைத்தான் கிட் அளக்கிறது. சம்பளம் வந்த அன்றே கடனுக்குப் போய்விடுகிற வீட்டில் வங்கிக் கணக்கைப் பார்த்தால் என்ன தெரியும்? அதே கதைதான். பாஸ்பேட் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தேடுங்கள்.

என் முதல் சந்தேகம் அந்த ஆர்.ஓ. தண்ணீர். குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று பல வீட்டு மெஷின்களில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் வைத்து, வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுகிறார்கள். சின்ன டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி முக்கிப் பாருங்கள். 50, 100 என்று காட்டினால் அது தொட்டிக்கு ஆகாது. ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டும். கூட வந்த சிலிக்கேட், பாஸ்பேட் எல்லாம் தொட்டியிலேயே தங்கும். நாளுக்கு இரண்டு லிட்டர் ஊற்றினால் மாதம் 60 லிட்டர் தண்ணீரின் அழுக்கு சேர்கிறது. தண்ணீரைக் குளிர்விக்க சில்லர் மெஷினுக்குப் பதில் ஃபேன் வைத்திருந்தால், ஆவியாவது அதிகம் என்பதால் இன்னும் கூடுதல். ஆர்.ஓ.வுக்குப் பிறகு, மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வடிகட்டி சேர்த்து, மீட்டர் பூஜ்யம் காட்டுகிற தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். உப்பு கரைப்பதற்கும் அதே தண்ணீர்தான்.

அடுத்தது தீனி. உறைந்த தீனியைக் கரைத்து அப்படியே கொட்டாமல், வலையில் வடித்து அலசிப் போடுங்கள். இரண்டு க்ளௌனுக்கு ஒரு சிட்டிகை போதும். பாறையும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும் என்பதால், ஒரே வாரத்தில் மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மாதம் கொடுங்கள். (பாறையை மாற்ற நினைத்து, கடலிலிருந்து எடுத்த பவளத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

இருக்கிற பாசியைக் கையால்தான் எடுக்க வேண்டும். தண்ணீர் மாற்றும் நாளில், தொட்டியிலிருந்து உறிஞ்சிய தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து, பாறையை அதில் வைத்துப் பாசியைக் கொத்தாகப் பிய்த்து, புது டூத்பிரஷால் தேயுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாறையில் வாழும் நல்ல பாக்டீரியா செத்துவிடும். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துண்டுகள் பறந்து வேறு இடத்தில் முளைக்கும். நத்தைகளை அதன் பிறகு விடுங்கள். அவை குட்டையான பாசியைத்தான் மேயும், விரல் நீளத்துக்கு வளர்ந்ததைப் பெரும்பாலும் தொடாது. விளக்கு எட்டு மணி நேரம் போதும்.

பாஸ்பேட்டை உறிஞ்சும் ரிமூவர் போடுவதானால் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியில் ஆரம்பியுங்கள். முடிப்பாசி ஒழிந்த பிறகும் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றால் டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர் வந்து உட்காரலாம்: பழுப்பு நிறச் சளி, அதில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள், இரவில் குறைந்து பகலில் கூடும். முடிப்பாசியைவிடப் பெரிய தலைவலி அது. நைட்ரேட் 5 பி.பி.எம். (லிட்டருக்கு சுமார் 5 மில்லிகிராம்), பாஸ்பேட் 0.05 பி.பி.எம். அளவில் இருந்தால் நிம்மதி.

இரண்டு மாதம் கழித்தும் குறையாவிட்டால் ஓர் இழையை வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். பறவை இறகு மாதிரி இரு பக்கமும் கிளை பிரிந்திருந்தால் அது பிரையோப்சிஸ் என்ற வேறு வகைப் பாசி. சத்தைக் குறைத்து மட்டும் அதை விரட்டுவது கடினம். படம் எடுத்து அனுப்புங்கள், அதற்கான வழியைத் தனியாகச் சொல்கிறேன்.