சர்வர் மந்தமா? டாப், பிஎஸ் கட்டளைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், லினக்ஸில் ஓடும் புரோகிராம்களை, அதாவது புராசஸ்களை, பட்டியலிடும் பிஎஸ் கட்டளை என் ஜாவா புராசஸுக்கு சிபியு 0.4 சதவீதம் என்கிறது. அவற்றை நேரலையாகக் காட்டும் டாப்பில் 95. எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரிதான். பிஎஸ் காட்டுவது அந்த புராசஸின் ஆயுள் சராசரி. இதுவரை செலவான சிபியு நேரத்தை, அது தொடங்கியதிலிருந்து ஓடிய மொத்த நேரத்தால் வகுத்துச் சொல்கிறது. பத்து நாளாகச் சும்மா கிடந்து, கடைசி ஒரு மணி நேரம் மட்டும் திணறுகிற புராசஸுக்கு 0.4 பக்கம்தான் வரும். டாப் கடைசி சில விநாடிகளை மட்டுமே அளக்கிறது, வழக்கமாக 3 விநாடி. இப்போது என்ன நடக்கிறது என்று தெரிய டாப்தான் வேண்டும். எந்தக் கட்டளையானாலும், இது எவ்வளவு நேரத்துக்கான கணக்கு என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். மெமரி, சிபியு நிலவரம் காட்டும் விஎம்ஸ்டாட்டிலும் முதல் வரி, மெஷின் பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி. 'விஎம்ஸ்டாட் 1 5' என்று கொடுத்துவிட்டு இரண்டாம் வரியிலிருந்து படியுங்கள்.

கேள்வி: டாப்பில் ஒரு புராசஸ் 380 சதவீதம் காட்டுகிறதே, பிழையா?

பதில்: இல்லை. 100 என்பது ஒரு கோர் (சிபியுவுக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) அளவு. உங்கள் புராசஸ் கிட்டத்தட்ட நாலு கோரை எடுத்துக்கொள்கிறது. புராசஸுக்குள் தனித்தனியே ஓடும் வேலைகளில், அதாவது த்ரெட்களில், எது என்று பார்க்க, டாப்போடு ஹைஃபனும் பெரிய ஹெச்சும் சேருங்கள்.

கேள்வி: அண்ணா, லோடு ஆவரேஜ் 20. ஆனால் சிபியு 90 சதவீதம் ஐடில். குழப்பமாக இருக்கிறது.

பதில்: லினக்ஸில் லோடு என்பது சிபியுவுக்குக் காத்திருப்பவர்களின் வரிசை மட்டுமல்ல. டிஸ்க் பதிலுக்காக அசையாமல் நிற்கும் புராசஸ்களும் அதில் சேரும். டாப்பின் 'எஸ்' பத்தியில் அவற்றுக்கு 'டி' (D) என்று இருக்கும். பெரும்பாலும் கட்டாயமாக நிறுத்தும் கில் 9 கொடுத்தாலும் அசையாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நெட்வொர்க் டிஸ்க் துண்டித்துப்போய் லோடு ஏறியது. அப்ளிகேஷன்தான் காரணம் என்று நினைத்து இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தோம், பலனில்லை. அந்த 'டி'யை முதலிலேயே கவனித்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

டிஸ்க்கைப் படுத்துவது யார் என்று அறிய பிட்ஸ்டாட் நல்லது. சிஸ்ஸ்டாட் பேக்கேஜில் வரும். ஹைஃபனோடு, டிஸ்க்கின் முதல் எழுத்தான சின்ன டி, பிறகு 2 5 என்று கொடுங்கள். இரண்டு விநாடிக்கு ஒருமுறை, ஐந்து தடவை, ஒவ்வொரு புராசஸும் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்று காட்டும். ரூட்டாக (நிர்வாகி கணக்கில்) ஓட்டினால்தான் மற்றவர்களின் புராசஸ் கணக்கும் தெரியும்.

கேள்வி: ரேமே 8 ஜிபிதான். டாப்பில் ஒரு புராசஸுக்கு விர்ட் 20 ஜிபி காட்டுகிறது?

பதில்: விர்ட் ஒதுக்கி வைத்த முகவரி இடம். ரேமில் உண்மையில் இருப்பது 'ரெஸ்'. டாப்பில் பெரிய எம் அழுத்தினால் மெமரி வாரியாக வரிசைப்படும்.

கேள்வி: இரவு 2 மணிக்குத்தான் மந்தமாகிறது. உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

பதில்: டாப்பை பேட்ச் மோடில் (திரைக்குப் பதில் ஃபைலுக்கு எழுத ஏற்ற முறை), குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் போடுங்கள். ஹைஃபன் சின்ன பி (b), அப்புறம் ஹைஃபன் சின்ன என் (n) 2, அவுட்புட்டை ஒரு ஃபைலில் சேருங்கள். ஏன் 2? முதல் சுற்றில், ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய அளவு இருக்காது. காலையில் இரண்டாம் சுற்றை மட்டும் படியுங்கள். பேக்கப் வேலை எதுவும் அந்த நேரத்தில் ஓடுகிறதா என்று கிரான் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.