விட்ட ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பிடிக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. வீடு கல்லிடைக்குறிச்சி. சேரன்மகாதேவியில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. மாமனாருக்குத் திங்களும் வெள்ளியும் சாயங்காலம் பாளையங்கோட்டையில் டயாலிசிஸ். பெரும்பாலும் ஆபீஸ் முடிந்து நான்தான் கூடப் போகிறேன், வீடு திரும்பப் பதினொரு மணி ஆகிவிடும். மூன்று வருடமாக ஓடுகிறேன். இரண்டு மாரத்தான் முடித்திருக்கிறேன். வரும் ஜனவரிக் கடைசியில் 50 கி.மீ. அல்ட்ரா ஓட்டத்துக்கு, அதாவது மாரத்தானைவிட நீளமான ஓட்டத்துக்கு, பெயர் கொடுத்திருக்கிறேன். இணையத்தில் எடுத்த வாரம் ஐந்து நாள் அட்டவணைப்படி காலை நாலு மணிக்கு எழுந்து கன்னடியன் கால்வாய்க் கரையில் பயிற்சி. நடுவாரத்தில் விட்டுப்போனதை ஞாயிறு சேர்த்து ஓடிவிடுவேன். ஏப்ரல் வரை ஞாயிறு 24 கி.மீ. ஓடினேன், மே மாதம் நடுவாரத்தில் இரண்டு ஓட்டம் விட்டுப்போன ஒரு வாரம், ஞாயிறு 34 ஓடினேன். மே கடைசியிலிருந்து இடது குதிகாலுக்கு இரண்டு விரல்கடை மேலே வலி. காலையில் எழுந்ததும் நொண்டிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போகிறேன். ஓட ஆரம்பித்தால் ஒரு கிலோமீட்டரில் சரியாகிவிடும், மறுநாள் காலையில் திரும்ப வந்துவிடும். நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். டாக்டர் ஓட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்கிறார். அட்டவணையோ இந்த மாதம் இன்னும் கூட்டச் சொல்கிறது. கணவர், “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மாத்திரை. இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. மூன்று மணி நேரம் வியர்த்து, உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அந்த ஆபத்து இன்னும் கூடும். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, வலி தெரியாமல் ஓடினால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியாமல் போய்விடும்.

இனி வலிக்கு வருவோம். காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் வரை 24, மே மாதம் ஒரே நாளில் 34. அதுவும் நடுவாரத்தில் இரண்டு ஓட்டம் விட்டுப்போன வாரத்தில். மொத்தக் கணக்கு சரியாக வந்திருக்கும், ஆனால் கால் மொத்தக் கணக்கு பார்ப்பதில்லை. போன மாதம் ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு தாங்கியது, இன்று எவ்வளவு கேட்கிறாய் என்றுதான் பார்க்கிறது. பாளையங்கோட்டை மைதானத்துக்கு வருகிற ஓட்டக்காரர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். வேலை, வீடு என்று ஓடுகிறவர்களுக்குக் காயம் வருவது பெரும்பாலும் அதிகம் ஓடுவதால் மட்டும் இல்லை, விட்டதைப் பிடிக்கப் போவதால். விட்டுப்போன ஓட்டம் போனது போனதுதான். செவ்வாய்க்கிழமை ஓட முடியவில்லையா, சரி, வியாழக்கிழமைக்கு உள்ளதை மட்டும் ஓடுங்கள். உங்கள் கடிதத்துக்கு என் பதிலில் முக்கால்வாசி இதுதான்.

வலிக்கிற இடம், கெண்டைக்கால் சதையைக் குதி எலும்போடு பிணைக்கும் தசைநாண். அக்கிலிஸ் என்பார்கள். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையை வாங்குகிற இடம் அது. சதை சில வாரங்களில் தேறிவிடும், தசைநாண் தேற மாதக்கணக்காகும். ஒரு கிலோமீட்டர் ஓடியதும் வலி மறைவது சூடேறுவதால் வரும் தற்காலிக நிம்மதி. அதைக் குணம் என்று நம்பி மேலே ஓடிவிட்டு, மறுநாள் காலையில் அதற்கான கூலியைக் கொடுக்கிறீர்கள்.

டாக்டர் நிறுத்தச் சொன்னதில் தப்பில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டம் ஓடுகிற ஒருவரைப் பார்த்தால் நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் முழு ஓய்வில் வலி அடங்குமே தவிர, தசைநாணுக்குப் பலம் வராது. இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டுத் திரும்ப ஓடினால் வலியும் கூடவே திரும்பி வரும். அதற்குத் தேவை அளவான, மெதுவான, கனமான சுமை. 1998இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவர், இதே வலியால் நீண்ட நாள் அவதிப்பட்ட 15 பேருக்குப் படிக்கட்டில் குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சியை 12 வாரம் கொடுத்தார். 15 பேரும் திரும்ப ஓடப் போனார்கள். அவர் கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 180 தடவை, வாரம் ஏழு நாளும். உங்கள் வீட்டு நிலவரத்தில் அது நடக்காது. நல்லவேளையாக, 2015இல் டென்மார்க்கில் அந்த முறையை இன்னொரு முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாரம் மூன்றே நாள், எடை கூட்டி, மெதுவாகச் செய்கிற முறையும் அதே அளவு பலன் தந்தது. உங்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

செய்முறை இது. மாடிப்படியின் கடைசிப் படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் முன்பாதி மட்டும் படியில் இருக்கும்படி நில்லுங்கள். இரண்டு காலாலும் மூன்று எண்ணும் நேரத்தில் எழும்புங்கள். மூன்று எண்ணும் நேரத்தில் குதிகால் படி மட்டத்துக்குக் கீழே போகிறவரை இறங்குங்கள். முழங்கால் நேராக இருக்கட்டும். 15 தடவை, இரண்டு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று. அப்புறம் முழங்காலைக் கொஞ்சம் மடித்து அதே மூன்று சுற்று. இரண்டு வாரத்தில் இது சுலபமாகிவிடும். அப்போது மகனின் பள்ளிக்கூடப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். எடை ஏற ஏற எண்ணிக்கையைப் பத்து, எட்டு என்று குறைக்கலாம். நாலைந்து வாரம் கழித்து ஒற்றைக் காலில். வலி இரண்டு விரல்கடை மேலே என்று எழுதியிருப்பதால்தான் படிக்குக் கீழே இறக்கச் சொல்கிறேன். குதி எலும்போடு ஒட்டுகிற இடத்திலேயே வலி என்றால் தரையில் நின்றுதான் செய்ய வேண்டும், கீழே இறக்கவே கூடாது.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், பயப்பட வேண்டாம். பத்துக்கு மூன்று, நாலு என்கிற அளவு வரை பொறுக்கலாம். தீர்ப்பு மறுநாள் காலையில் கிடைக்கும். படுக்கையிலிருந்து அடுப்படி வரை நடக்கிறீர்களே, அந்த நடைதான் உங்கள் அளவுகோல். நேற்றைவிட விறைப்பு கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். அதே அளவோ குறைவாகவோ இருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். வீட்டுக்குள்ளே தரையில் வெறுங்காலோடு நடக்காமல், குதிப்பக்கம் சற்று உயரமான செருப்பைப் போட்டுக்கொண்டால் முதல் சில வாரம் சுகமாக இருக்கும்.

இனி அந்த அட்டவணை. தூக்கிப் போட்டுவிடுங்கள். அதை எழுதியவருக்கு உங்கள் மாமனாரையும் தெரியாது, மகளின் பொதுத்தேர்வையும் தெரியாது. செவ்வாய், வியாழன், ஞாயிறு மட்டும் ஓடுங்கள். படிக்கட்டுப் பயிற்சியையும் அதே நாட்களில் மாலையில் வையுங்கள், ஞாயிறு மாலை மட்டும் எடையில்லாமல். மற்ற நாலு நாளும் தசைநாணுக்கு முழு ஓய்வு. அல்ட்ரா அட்டவணைகளில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீண்ட ஓட்டம் இருக்கும். நல்ல காலுக்கு அது நல்ல பயிற்சி. இந்தத் தடவை உங்களுக்கு அது வேண்டாம்.

செவ்வாயும் வியாழனும் 40 நிமிடம் போதும். ஞாயிறு ஒன்றரை மணி நேரத்தில் ஆரம்பியுங்கள். கிலோமீட்டரைப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பாருங்கள். மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் வேக நடை, கடைசி வரை அப்படியே. மறுநாள் காலையில் விறைப்பு கூடாமல் இருந்தால் வாரம் கால் மணி நேரம் கூட்டுங்கள், நாலாவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் டிசம்பர் நடுவில் மூன்றரை மணி நேரத்துக்கு வந்துவிடுவீர்கள். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் கால்வாய்க் கரையை விட்டுவிட்டுத் தார்ச்சாலைக்கு வந்துவிடுங்கள். சேற்றில் குதி புதைந்து புதைந்து எழும்போது தசைநாண் கூடுதலாக இழுபடும். ஏற்றம் பழக வேண்டும் என்று மணிமுத்தாறு பக்கம் போகிற ஆசை வந்தால், அதையும் டிசம்பர் வரை தள்ளிப்போடுங்கள். மேட்டில் ஓடுவதுதான் இந்த வலிக்கு முதல் எதிரி.

நடப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்காதீர்கள். மாரத்தான் தூரமான 42.195 கி.மீ.க்கு மேல் எதுவாக இருந்தாலும் அல்ட்ராதான். அந்தத் தூரத்தில் நடை, ஓட்டத்தின் ஒரு பகுதி. தென்னாப்பிரிக்காவில் 1921இல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம் சுமார் 90 கி.மீ., அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் தருகிறார்கள். அதில் ஏற்றங்களை நடந்தே கடக்கிறவர்கள் ஏராளம். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? தைப்பூசத்துக்கு நம்மூர்ப் பக்கத்திலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்தே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஐம்பது, அறுபது வயது அம்மாக்கள் பச்சை உடுத்தி, வெயிலுக்கு முந்தி நடந்து, நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்து, மோரும் சோறும் சாப்பிட்டு, கோயில் வாசலில் போய் நிற்கிறார்கள். ஆரம்பத்திலிருந்தே நிதானம், நடுவில் சாப்பாடு, வெயிலுக்கு மரியாதை. ஐம்பது கிலோமீட்டரை முடிக்கிற வித்தை அவர்களிடம் இருக்கிறது. உங்கள் கணவரும் அந்தக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்தானே. இந்த வயதில் இது தேவையா என்று கேட்டால் அதை நினைவுபடுத்துங்கள்.

அவரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஓட அனுமதி கேட்காதீர்கள். வேலையைப் பிரித்துக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்கு அவர் போகட்டும், அல்லது ஞாயிறு காலை ஒன்பது மணி வரை அடுப்படி அவர் பொறுப்பில் இருக்கட்டும். “என்னைப் புரிஞ்சுக்கோங்க” என்று கேட்டால் பேச்சு நீளும். “வெள்ளிக்கிழமை நீங்க போறீங்களா?” என்று கேட்டால் போகிறேன், முடியாது என்று இரண்டில் ஒன்று வரும்.

எனக்கு அதிகம் கவலை தந்தது உங்கள் தூக்கம். பதினொரு மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டுப் படுத்து, நாலு மணிக்கு எழுந்தால் நாலரை மணி நேரம்கூடத் தேறாது. தசைநாண் தேறுவதற்குத் தூக்கமும் வேண்டும். அதனால்தான் டயாலிசிஸ் நாளுக்கு மறுநாளான செவ்வாய்க்கிழமை காலையில் உங்களை எழுப்ப எனக்கு மனமில்லை. செவ்வாய் ஓட்டத்தைச் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் தூங்காத எந்த நாளிலும் அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். அன்று அதுதான் பயிற்சி.

சாப்பாடு, தண்ணீர் பெரிய விஷயமில்லை. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுகிற ஓட்டத்தில் அரை மணிக்கு ஒரு தடவை வாழைப்பழமோ கருப்பட்டியோ கடலை மிட்டாயோ ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொள்ளுங்கள். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புப் போட்ட மோர் நல்லது. பயந்துபோய் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும்.

ஜனவரி ஓட்டம்? டிசம்பர் 15 வாக்கில் முடிவு செய்யுங்கள். மூன்றரை மணி நேரம் போய்வந்த மறுநாள் காலையில் விறைப்பு கூடாமல் இருந்தால் போங்கள், நடந்தும் ஓடியும் முடியுங்கள். இல்லையென்றால் கட்டிய கட்டணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். அடுத்த வருடமும் 50 கி.மீ. ஓட்டம் இருக்கும். மகளின் தேர்வும் முடிந்திருக்கும். கட்டிவிட்டோமே என்பதற்காகப் போகாதீர்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துத்தான் இதைச் சொல்லியிருக்கிறேன். அடுத்த டயாலிசிஸ் நாளில் பாளையங்கோட்டையில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காலைக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். தேய்ந்த ஷூவையும் கையோடு கொண்டுபோங்கள், அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அவர் பார்க்கட்டும். சளி, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று என்று எதற்காவது மருந்து எழுதினால் தசைநாண் வலி இருப்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளால் தசைநாண் அறுந்துபோகக்கூடும் என்று 2008இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அழுத்தமாக எச்சரித்திருக்கிறது. ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி சுளீரென்று பட்டு, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அன்றே எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.